ஹார்மோனிகா பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓரிரண்டு மெட்டுகளை வாசிக்கத் தெரிந்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதியது இது. கேள்விகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: தேவைக்கு மேல் மூச்சைச் செலுத்துவது. சுரம் பிசகுவது, பெண்ட் (மூச்சால் சுரத்தை வளைப்பது) வராதது, ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு) சீக்கிரம் கெடுவது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அதனால் மூச்சைப் பற்றிய பேச்சு இங்கே திரும்பத் திரும்ப வரும்.

டயடோனிக், ட்ரெமோலோ, குரோமாட்டிக்: மூன்றில் எதை வாங்குவது?

ஒரே ஸ்கேலின் சுரங்களைக் கொண்ட 10 துளை டயடோனிக்கை வாங்குங்கள். மூச்சால் சுரத்தை வளைக்கும் வித்தையை முழுமையாகக் கற்றுக்கொடுப்பது அதுதான். 20 ரீடுகள் மட்டுமே இருப்பதால் திறந்து சுத்தம் செய்வதும் எளிது.

ட்ரெமோலோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும். இரண்டுக்கும் சுருதியில் இம்மி வித்தியாசம் வைத்திருப்பார்கள். அந்த அலையாடும் ஒலி அதிலிருந்து வருகிறது. எளிய மெட்டுகளுக்கு மிக இனிமையானது. ஆனால் அதில் பெண்ட் செய்ய முடியாது, அரைச்சுரங்களும் கிடைக்காது. முதலில் ட்ரெமோலோ வாங்கிப் பழகிவிட்டு டயடோனிக்குக்கு மாறுபவர்கள் துளைகளின் அமைப்பே வேறாக இருப்பதைக் கண்டு தடுமாறுகிறார்கள். ட்ரெமோலோவில் ஊதும் சுரத்துக்கும் இழுக்கும் சுரத்துக்கும் தனித்தனித் துளை. டயடோனிக்கில் ஒரே துளையில் இரண்டும் உண்டு.

குரோமாட்டிக்கில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எந்தச் சுரமும் அரைச்சுரம் ஏறும். 12 துளை, 48 ரீடு கொண்டது வழக்கமான அளவு. லாரி ஆட்லர், டூட்ஸ் தீலமன்ஸ் போன்ற ஹார்மோனிகா கலைஞர்கள் உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது இதைத்தான். நீங்கள் வாசிக்க விரும்பும் மெட்டுகளில் ஸ்கேலுக்கு வெளியே உள்ள சுரங்கள் நிறைய வந்தால், இரண்டாவதாக இதை வாங்கலாம். முதல் கருவியாக வேண்டாம்.

ஏன் எல்லோரும் சி ஸ்கேல் வாங்கச் சொல்கிறார்கள்?

பாடங்களும் காணொளிகளும் பெரும்பாலும் சி ஸ்கேலில் இருப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அது நடுத்தரமான சுருதி என்பது. ஜி ஸ்கேல் கருவியில் கீழ் ரீடுகள் நீளமானவை, அசைய நேரம் எடுப்பவை. எஃப் ஸ்கேலில் மேல் ரீடுகள் மிகச் சிறியவை. சற்று பலமாக ஊதினாலே அடைத்துக்கொள்ளும். சி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அதில் பழகிய மூச்சை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து ஏ, அதன் பிறகு டி அல்லது ஜி. பாடுபவர்களுடன் சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வரிசையை விட்டுவிட்டு அவர்களுடைய சுருதியைப் பார்த்து வாங்குங்கள்.

விலை மலிவான கருவியில் பழகிவிட்டு நல்லதுக்கு மாறினால் என்ன?

இந்த யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மலிவான கருவிகளில் ரீடுகள் பொருத்திய தகடுகளுக்கும் நடுக்கட்டைக்கும் இடையே காற்று கசியும். கசிகிற கருவியை ஒலிக்க வைக்கப் பலமாக ஊத வேண்டும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டால், பிறகு நல்ல கருவி கைக்கு வந்தாலும் அதே வேகத்தில் ஊதி அதன் ரீடைக் கெடுப்பீர்கள். ஆகவே மிக விலை உயர்ந்ததும் வேண்டாம், பொம்மைக் கடைக் கருவியும் வேண்டாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் நடுத்தர வகை போதும். ஹோனர், சைடல், சுசூகி, டோம்போ தயாரிக்கும் லீ ஆஸ்கர் ஆகியவை நம்பத் தகுந்தவை. சைடல் ஜெர்மனியில் 1847 முதலும், ஹோனர் அதே நாட்டின் டிராசிங்கனில் 1857 முதலும் இதே தொழிலில் இருக்கின்றன.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தகடுகள் ஆணி அடித்தவையா, திருகு போட்டவையா? மாற்று ரீடு தகடு தனியாகக் கிடைக்குமா? திருகு போட்டது, மாற்றுத் தகடு கிடைப்பது என்றால் அந்தக் கருவி உங்களிடம் பல ஆண்டுகள் இருக்கும்.

மரக்கட்டையா, பிளாஸ்டிக்கா?

மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே அறைகள் வெட்டிய கட்டை இருக்கிறதே, அதைக் காம்ப் என்பார்கள். மரக் காம்பின் ஒலி தனி என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. கட்டையின் பொருளைவிட, தகடு அதன்மேல் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. பூச்சு இல்லாத மரம் ஈரத்தில் ஊதிப் புடைத்து உதட்டைக் கீறும். பழகும் காலத்தில் எச்சில் அதிகம் போகும் என்பதால் பிளாஸ்டிக் காம்ப் நல்லது. ஹோனரின் ஸ்பெஷல் 20 அப்படிப்பட்டது. 1896-இல் வந்த மரைன் பேண்ட் மரக் காம்ப் கொண்டது.

கீழ்ப் பகுதியில் சில சுரங்களைக் காணோமே, என் கருவியில் குறையா?

குறை இல்லை. டயடோனிக்கின் அமைப்பே அப்படி. ஊதினால் 1-இலிருந்து 10 வரை ச க ப, ச க ப, ச க ப, ச என்று வரும். இழுத்தால் ரி ப நி ரி ம த நி ரி ம த. இதை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். சில விஷயங்கள் தானாகப் புரியும்.

நடு ஸ்தாயி முழுமையாக இருக்கிறது: 4 ஊது, 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, பிறகு 7 இழு, 7 ஊது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வரிசை திரும்புவதைக் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு முறை இழுக்க வேண்டும். அங்கேதான் எல்லோருக்கும் இடறும். கீழ் ஸ்தாயியில் மவும் தவும் இல்லை, மேல் ஸ்தாயியில் நி இல்லை. முதல் நான்கு துளைகளை எப்படிச் சேர்த்து ஊதினாலும் இழுத்தாலும் இசைவான கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) வர வேண்டும் என்பதற்காக அந்தச் சுரங்களை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதே காரணத்தால்தான் ப இரண்டு இடத்தில் வருகிறது: 2 இழுப்பிலும் 3 ஊதலிலும். விட்டுப்போன மூன்று சுரங்களையும் பெண்ட் செய்து எடுக்கலாம், கீழே சொல்கிறேன்.

ஒரே ஒரு துளையை மட்டும் எப்படி ஒலிக்க வைப்பது?

உதட்டைக் குவித்து வாசிப்பது ஒரு முறை. மூன்று, நான்கு துளைகளை வாயால் மூடிக்கொண்டு, வேண்டாதவற்றை நாக்கால் அடைத்து வலது ஓரத்தில் ஒன்றை மட்டும் விடுவது இன்னொன்று. முதல் முறை சீக்கிரம் கைவரும். இரண்டாவது முறையில் ஒலி கனமாக இருக்கும், நாக்கை எடுத்து வைத்துத் தாளம் சேர்க்கவும் முடியும். முதலில் குவித்துப் பழகி, மெட்டு நிலைத்த பிறகு நாக்கு முறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும் கருவி வாய்க்குள் நன்றாகப் போக வேண்டும். உதட்டின் வெளி விளிம்பில் தொட்டுக்கொண்டிருந்தால் ஓரத்தில் காற்று கசிந்து ஒலி மெலியும். உதட்டின் உள்பக்க ஈரம் கருவியில் படும்படி வையுங்கள். பக்கத்துத் துளை சேர்ந்து ஒலிக்கிறது என்று உதட்டை இறுக்காதீர்கள். இறுக்கினால் தாடை வலிக்கும், துளை குறையாது.

2 இழுப்பு மட்டும் ஒலிப்பதே இல்லை. ரீடு பழுதா?

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ரீடு நன்றாகவே இருக்கும். 2 இழுப்பின் ரீடு மிகச் சுலபமாக வளையும் ரீடுகளில் ஒன்று. நீங்கள் தெரியாமலே பலமாக உறிஞ்சும்போது அது பாதி வளைந்து, அடைத்த மாதிரி, காற்று மட்டும் போகிற மாதிரி ஒலிக்கிறது.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். 1, 2, 3 துளைகளைச் சேர்த்து மெதுவாக இழுங்கள். உறிஞ்ச வேண்டாம், கருவியின் வழியாக மூச்சு விடுவதாக மட்டும் நினையுங்கள். கார்டு தெளிவாக வந்ததும் மூச்சின் வேகத்தை மாற்றாமல் உதட்டை 2-க்குச் சுருக்குங்கள். தாடை தளர்ந்திருக்கட்டும், நாக்கு வாயின் தரையில் கிடக்கட்டும். சுரம் வந்துவிட்டால் கருவியில் பழுது இல்லை. அது 3 ஊதலின் அதே ப-தான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். இழுக்கும்போது சற்றுத் தாழ்ந்தால் இன்னும் பலமாக இழுக்கிறீர்கள்.

மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்கு இது வருவதற்குக் காரணம், ஒவ்வொரு சுரத்துக்கும் புது மூச்சு எடுப்பதும், உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றாமல் விடுவதும். இழுக்கும் சுரங்கள் நிறைய வரும் மெட்டில் நுரையீரல் நிறைந்துவிடும். கிடைக்கும் ஊதும் சுரத்தில் காற்றை விட்டுவிடுங்கள், போதாவிட்டால் மூக்கு வழியாக விடுங்கள். மூச்சு நெஞ்சிலிருந்து இல்லாமல் வயிற்றிலிருந்து வரட்டும்.

பெண்ட் எப்படிச் செய்வது? பல வாரங்களாக முயன்றும் வரவில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு அறையிலும் ஓர் ஊதும் ரீடும் ஓர் இழுக்கும் ரீடும் இருக்கின்றன. வாயின் உட்புற வடிவத்தை மாற்றும்போது இரண்டும் சேர்ந்து அசையத் தொடங்குகின்றன. ஒலி, உயர்ந்த சுரத்திலிருந்து தாழ்ந்த சுரத்தை நோக்கி இறங்குகிறது. எனவே ஒரு துளையில் எத்தனை அரைச்சுரம் வளையும் என்பது அந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவே எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1, 4, 6 இழுப்புகளில் நடுவே ஒன்றுதான். 2-இல் இரண்டு. 3-இல் மூன்று. 5-இல் கவுக்கும் மவுக்கும் நடுவே எதுவும் இல்லை, அதனால் முழு அரைச்சுரம் இறங்காது. 7-க்கு மேல் ஊதும் சுரம்தான் உயர்ந்தது. அங்கே ஊதித்தான் வளைக்க வேண்டும். 8-இலும் 9-இலும் ஒன்று, 10-இல் இரண்டு. இப்போது முன்பு விட்டுப்போன சுரங்களைத் தேடுங்கள். கீழ் ம, 2 இழுப்பின் கடைசிப் படி. கீழ் த, 3 இழுப்பின் நடுப் படி. மேல் நி, 10 ஊதலின் முதல் படி.

4 இழுப்பில் தொடங்குங்கள். சுரத்தை மெதுவாக, நேராக, நீளமாக இழுங்கள். இழுத்துக்கொண்டே வாய்க்குள் ஈ என்பதிலிருந்து ஊ, ஓ என்று நாக்கை மாற்றுங்கள். நாக்கின் நடுப்பகுதி பின்னால் போய்த் தாழ வேண்டும். கருவி இல்லாமல் மூச்சை உள்ளிழுத்தபடி விசில் அடித்து, அந்த விசிலை மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். அப்போது நாக்கு எங்கே போகிறதோ அதேதான் இங்கேயும். உதடு அசைய வேண்டியதில்லை.

வராதவர்களிடம் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. ஒன்று, மூக்கு வழியாகக் காற்று கசிவது. மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். ஒலி சட்டென்று மாறினால் அதுதான் காரணம். இன்னொன்று, வளையவில்லை என்று பலத்தைக் கூட்டுவது. பலம் கூடக் கூட ரீடு அடைக்குமே தவிர வளையாது. வளைந்து வருவதற்குத் தேவை வடிவம்தான். பலத்தை முதலில் இருந்ததைப் போலவே வைத்துக்கொள்ளுங்கள்.

சுரம் கொஞ்சம் இறங்கத் தொடங்கியதும் செல்பேசியில் ட்யூனர் செயலியைத் திறந்துவைத்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வளைப்பதைவிட, வளைத்த இடத்தில் ஆடாமல் நிறுத்துவதற்குத்தான் பல மாதம் ஆகும். 3 இழுப்பின் மூன்று படிகளையும் தனித்தனியே நிறுத்துவது இந்தக் கருவியில் இருப்பதிலேயே கடினமான வேலைகளில் ஒன்று. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஓவர்புளோ கற்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். எல்லா அரைச்சுரங்களையும் டயடோனிக்கில் எடுக்கும் வழி அது. ஹார்மோனிகா கலைஞர் ஹோவர்ட் லெவி அதை முழுமையான வாசிப்பு முறையாக வளர்த்தவர். ஆனால் ரீடு இடைவெளியை அதற்கென்று சரிசெய்த கருவி தேவை, பெண்ட் முழுதும் கைவசம் இருக்க வேண்டும்.

பாட்டு ஜி-யில் இருக்கிறது, ஒருவர் அதை சி கருவியில் வாசிக்கிறார். அது எப்படி?

கருவியின் ப-வை பாட்டின் ச-வாக வைத்துக்கொள்கிறார். இதை இரண்டாம் பொசிஷன் அல்லது கிராஸ் ஹார்ப் என்பார்கள். ப்ளூஸ் வாசிப்பில் பெரும்பகுதி இதுதான், ஏனெனில் ஆதார சுரம் 2 இழுப்பில் வருகிறது, முக்கியமான சுரங்கள் எல்லாம் வளையக்கூடிய இழுப்புகளில் அமைகின்றன. ஏ பாட்டுக்கு டி கருவி, ஈ பாட்டுக்கு ஏ கருவி, டி பாட்டுக்கு ஜி கருவி.

ராகம் தெரிந்தவர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். 4 ஊதலிலிருந்து 7 ஊதல் வரை வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள். ப-வை ஆதாரமாக்கினால் அரிகாம்போதி. 4 இழுப்பிலிருந்து 8 இழுப்பு வரை ஒரு பெண்டும் இல்லாமல் கரகரப்பிரியா. 6 இழுப்பிலிருந்து 10 இழுப்பு வரை நடபைரவி. நான்கும் ஒரே கருவிக்குள்ளே இருக்கின்றன, கிரகபேதம்தான். சோகமான மெட்டுக்கு மைனர் கருவி வாங்க ஓடுவதற்கு முன் கடைசி இரண்டையும் வாசித்துப் பாருங்கள்.

தினமும் என்ன, எவ்வளவு நேரம் பயிற்சி செய்வது?

இருபது நிமிடம், ஆனால் தினமும். தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மெல்ல முடியுங்கள். சுருதி அசையக் கூடாது. பிறகு துளை தாவும் பயிற்சி. மீதி நேரம் மெட்டுக்கு. நோட்டேஷனில் 4 என்றால் ஊது, −4 என்றால் இழு, பக்கத்தில் சிறு கோடு இருந்தால் பெண்ட் என்பது பரவலான வழக்கம். ஆனால் எண்களைப் பார்த்தே வாசிக்கும் பழக்கத்தைச் சீக்கிரம் விடுங்கள். தெரிந்த மெட்டைக் காதால் தேடி எடுப்பதுதான் துளைகளை மனதில் பதிய வைக்கும். வாரத்துக்கு ஒருமுறை பதிவு செய்து கேளுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள். இனிப்போ உணவோ உள்ளே போனால் அது ரீடில் ஒட்டும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். சற்று நேரம் காற்றில் காயவிட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். இதை மட்டும் தவறாமல் செய்தால் கருவியைத் திறக்க வேண்டிய அவசியமே அரிதாகத்தான் வரும்.

திறக்கும்போது மூடித் தகடுகளை முதலில் எடுங்கள். கீழ்ப்பக்கத்தில் வெளியே தெரிபவை இழுக்கும் ரீடுகள். ஊதும் ரீடுகள் மேல் தகட்டின் உள்பக்கத்தில் இருக்கும். மென்மையான பல்துலக்கியால் ரீடு பொருத்திய முனையிலிருந்து அசையும் முனையை நோக்கி மட்டும் தடவுங்கள். குறுக்காகவோ எதிர்த் திசையிலோ தேய்த்தால் ரீடு மடங்கிவிடும். பிளாஸ்டிக் காம்ப் கருவியை வெதுவெதுப்பான நீரில் அலசலாம். மரக் காம்பை நனைக்கக் கூடாது. கொதிநீர் எதற்கும் வேண்டாம்.

ஒரு சுரம் திடீரென்று ஒலிக்கவில்லை.

பெரும்பாலும் தூசியோ நூலோ சிக்கியிருக்கும். பல் குச்சியால் ரீடின் நுனியை மெல்லத் தூக்கி விடுங்கள். சுத்தமாக இருந்தும் மெதுவாக ஊதினால் ஒலித்து, பலமாக ஊதினால் அடைத்தால், ரீடின் நுனி தகட்டோடு மிக நெருங்கிவிட்டது. தலைகீழாக, காற்று நிறையப் போயும் ஒலி தாமதமாக வந்தால் இடைவெளி அதிகம். நுனியில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ரீடின் தடிமன் அளவு இருக்கட்டும்; கீழ் ரீடுகளுக்குச் சற்றுக் கூடுதல், மேல் ரீடுகளுக்குச் சற்றுக் குறைவு. ஒரே மடக்கில் வளைக்காமல் பலமுறை இலேசாக அழுத்திச் சரிசெய்யுங்கள்.

ஒரு சுரம் மட்டும் தாழ்ந்துவிட்டது. நானே சுருதி சேர்க்கலாமா?

பழைய கருவியில் பழகிப் பார்த்த பிறகு செய்யலாம். ரீடின் நுனியில் மிகமிகக் கொஞ்சம் சுரண்டினால் சுருதி ஏறும், பொருத்திய முனைக்கு அருகே சுரண்டினால் இறங்கும். ரீடின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனரில் எல்லாச் சுரமும் கொஞ்சம் மேலே காட்டினால் பயப்பட வேண்டாம். ஊதும் பலத்தில் சுருதி தாழும் என்பதால் தொழிற்சாலையிலேயே ஏ-வை 442, 443 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது வழக்கம்.

ஆனால் நன்றாக இருந்த ரீடு ஒன்று திடீரென்று தாழ்ந்து, சரிசெய்த பின்னும் மறுபடி தாழ்ந்தால், உலோகத்தில் விரிசல் விழத் தொடங்கிவிட்டது. அது சில நாளில் முறியும். ரீடு தகட்டை மாற்றிவிடுங்கள். எந்த ரீடு முதலில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு 4 அல்லது 5 இழுப்பு. எங்கே அதிகம் பலம் கொடுக்கிறீர்கள் என்பதை அது காட்டிவிடும். சைடல் பயன்படுத்தும் எஃகு ரீடுகள் பித்தளையைவிட நீண்ட நாள் தாங்கும்.

குரோமாட்டிக்குக்கு வேறு பராமரிப்பு உண்டா?

உண்டு. அதன் ரீடுகள் பலவற்றின் மேல் காற்று கசியாமல் காக்கும் மெல்லிய பட்டைகள் ஒட்டியிருக்கும். குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் படிந்து அவை ஒட்டிக்கொண்டு சடசடக்கும். வாசிக்கும் முன் கையிடுக்கிலோ சட்டைப்பையிலோ வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பொத்தான் இறுகினால் வாய்ப்பக்கத்துப் பாகத்தைக் கழற்றி, நகரும் தகட்டைக் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

இன்னொருவர் வாசித்த கருவியை வாங்கலாமா?

ரீடு தகடுகளைக் கழற்றி, கிருமிநாசினியால் முழுமையாகச் சுத்தம் செய்ய முடிந்தால் மட்டும். ஆணி அடித்த மரக் காம்ப் கருவி என்றால் விட்டுவிடுங்கள். நண்பர்கள் வாசித்துப் பார்க்கக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கென்று ஒரு சி ஸ்கேல் கருவியைப் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து வாசியுங்கள்.